கணவனோடு போனால் விசா வேண்டாம்

நாத்தனார் ஒருத்தி தம்பி பெண்டாட்டியைப் புகழ்ந்து பேசினால், கேட்பவர்கள் "அப்புறம்?" என்று அடுத்த வரிக்குக் காத்திருப்பார்கள். குறை எப்போது வரும் என்று பார்ப்பார்கள். எர்லிண்டாவைப் பற்றி நான் பேசும்போது அந்த அடுத்த வரி வராது. எனக்கு அவளைப் பிடிக்கும், அவ்வளவுதான். குறை சொல்லியே ஆகவேண்டும் என்றால் அவளைக் கட்டிக்கொண்டவனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் என் கூடப் பிறந்தவன், அந்த உரிமை எனக்கு உண்டு.

நாங்கள் லித்துவேனியாக்காரர்கள். நானும் தம்பி கெஸ்தாஸும் அயர்லாந்துக்கு வந்து மொனஹனில் காளான் பண்ணையில் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நான் காளான் பறிக்கிறேன், அவன் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறான். காளான் ஞாயிறு பார்க்காது, பண்டிகை பார்க்காது. இன்று விட்டால் நாளைக்குக் குடை விரித்துவிடும். எங்கள் கைவிரல்களைப் பார்த்தாலே ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள், இவள் காளான்காரி என்று.

எர்லிண்டா பிலிப்பைன்ஸில் ஒரு தீவில் பிறந்தவள். ஹாங்காங்கில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, எங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்கு வேலை அனுமதியோடு வந்து சேர்ந்தாள். வார இறுதிகளில், காளான் பறித்து முடித்ததும், நான் அங்கே தரை துடைக்கப் போவேன். அப்படித்தான் முதலில் பார்த்தேன். மக்கென்னா என்று ஒரு கிழவர் அங்கே இருந்தார். யார் சாப்பாடு கொண்டுபோனாலும் "வெளியே போ" என்பார். மற்றவர்கள் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அல்லது கெஞ்சுவார்கள். எர்லிண்டா இரண்டையும் செய்யவில்லை.

"போறேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக மாடு மேய்வதைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கிழவர் கடைசியில், "அந்தச் சூப் ஆறிப்போகுதே, அறிவில்லையா உனக்கு?" என்று கத்தினார். "அச்சச்சோ, ஆமால்ல" என்று கரண்டியை எடுத்தாள்.

அதுதான் அவள். 'முடியாது' என்று ஒருவர் சொன்னால் நமக்கு அது முடிவு. அவளுக்கு அது வணக்கம் மாதிரி, அதற்கப்புறம்தான் பேச்சே ஆரம்பம். குரலை உயர்த்தமாட்டாள், அழமாட்டாள், நகரவும் மாட்டாள். உடும்புப் பிடி, ஆனால் பிடிபட்டவனுக்கு வலிக்காது.

அவள் ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் நிற்பவள் என்று தெரிந்ததும் என் தம்பிக்குத் திடீரென்று பக்தி முற்றியது. முன்வரிசையில் போய் உட்கார்ந்து, எழவேண்டிய இடத்தில் முழங்காலிட்டு, முழங்காலிட வேண்டிய இடத்தில் எழுந்து நின்று, ஊரே சிரித்தது. அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. எங்கள் அம்மா ப்ரோனே வரவில்லை. அவள் விமானம் ஏறமாட்டாள். தொலைபேசியில், "நல்லா இருக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பெண் எந்த ஊர், என்ன பேர், எதுவும் கேட்கவில்லை. அம்மா வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

எர்லிண்டா அதற்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஞாயிறுதோறும் மாமியாரைக் கூப்பிட்டாள். எங்கள் மொழியை என்னிடம் கற்றுக்கொண்டு, கற்றதை அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பாள். மறுமுனையில், "காது கேக்கலை, சத்தமா பேசு" என்று பதில் வரும். அல்லது, "அப்படிச் சொல்லக் கூடாது" என்று திருத்தம் வரும். கல்யாணமான இந்த ஐந்து வருடமும் இதுதான் மாமியார் மருமகள் உறவு. "அத்தை இன்னைக்கு ரெண்டு தடவை திருத்தினாங்க அக்கா" என்று ஏதோ பரிசு வாங்கினவள் போல வந்து சொல்வாள்.

இனி விசா விஷயம். அயர்லாந்திலிருந்து லித்துவேனியாவுக்கு எனக்கும் தம்பிக்கும் பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி. அவளுக்கு அப்படி இல்லை. முதல் வருடம் விசாவுக்கு நேர்காணல் தேதியே ஜனவரியில்தான் கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்தபிறகு போய் என்ன செய்வது? அடுத்த வருடம் காகிதமெல்லாம் சரியாக இருந்தது, முதியோர் இல்லத்தில் விடுப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் யாரோ சொன்னார்கள். ஐரோப்பியனைக் கட்டிக்கொண்டு, அவனுடைய நாடு அல்லாத இன்னொரு ஐரோப்பிய நாட்டில் அவனோடு வாழ்கிறவளுக்கு, குடும்பத்தார் என்று ஒரு வதிவிட அட்டை உண்டு. அது கையிலிருந்தால் விசா வேண்டாம். ஒரே நிபந்தனை, கணவனோடு போகவேண்டும், அல்லது கணவன் இருக்குமிடத்தில் போய்ச் சேரவேண்டும். இவள் கையில் இருந்ததோ வேலைக்காகக் கொடுத்த அட்டை. அதை மாற்ற விண்ணப்பித்து, அது இழுத்தடித்து, ஒருவழியாகக் கைக்கு வந்தபோது கல்யாணமாகி ஐந்தாவது கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

ஏன் கிறிஸ்துமஸ் என்றால், எங்களுக்கு அதற்கு முந்தைய நாள் மாலைச் சாப்பாடுதான் பெரிது. கூச்சோஸ் என்போம். முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகு உட்காருவோம். பன்னிரண்டு பதார்த்தம், அதில் இறைச்சி கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது. மாட்டுப் பாலுக்குப் பதில் கசகசாவை அரைத்துப் பிழிந்த பால்தான். கோயிலில் தந்த அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டுத் தின்போம். வரமுடியாதவர்களுக்கும் மேஜையில் தட்டு வைப்போம், அந்தத் தட்டிலும் ஓர் அப்பம் இருக்கும். கெஸ்தாஸ், "அவளை விட்டுட்டு நான் மட்டும் போய் உக்கார மாட்டேன்" என்று மொனஹனிலேயே இருந்துவிட்டான். நான் மட்டும் போய்வருவேன். ஒவ்வொரு வருடமும் அம்மா ஆளில்லாத தட்டு ஒன்று வைத்திருந்தாள்.

முதல் வருடம் நான் திரும்பி வந்ததும் எர்லிண்டா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தட்டு வெச்சாங்களா அக்கா?"

"வெச்சாங்க."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

"சரி" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்தடுத்த வருடங்களிலும் கேட்டாள், அதே பதிலைச் சொன்னேன். அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம்தான்.

இந்த வருடம் அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. "வெயில் வந்ததும் டவுனுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். இந்த மேஜையில இதுதான் கடைசிக் கூச்சோஸ். வர்றவங்க வரலாம்" என்றாள். வர்றவங்க என்றால் யார்? அதை அவள் சொல்லவில்லை.

"எனக்கு அந்த மேஜையில ஒரு தட்டு வேணும் அக்கா" என்றாள் எர்லிண்டா. "வேற எதுவும் வேணாம். அவங்க பேசக்கூட வேணாம்."

அன்றைக்கே ஒட்டும் அரிசியும் வெல்லச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் போட்டு, தன் ஊர் இனிப்பான பிக்கோவைச் செய்து பார்க்க ஆரம்பித்தாள். பால் கூடாது, முட்டை கூடாது என்ற எங்கள் சட்டத்துக்குள் அடங்குகிற பண்டமாகத் தேடிப் பிடித்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், காலையில் கிளம்புகிற விமானம். அதை விட்டால் பண்டிகை முடியும்வரை வேறு கிடையாது. டப்ளின் விமான நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருந்தால் நேரே உள்ளே போகலாம். இல்லாதவர்கள் அந்த விமானக் கம்பெனியின் மேஜைக்குப் போய், காகிதங்களைக் காட்டி, பயணச்சீட்டில் முத்திரை வாங்கவேண்டும்.

இங்கேதான் என் தம்பி தன் புத்தியைக் காட்டினான்.

எங்கள் தலைமுறைக்கு வரிசை என்பது இரத்தத்தில் ஊறியது. சோவியத் காலத்தில் அம்மா ரொட்டி வரிசையில் நின்றால் நான் மீன் வரிசையில் நிற்பேன், கெஸ்தாஸ் வேறெங்காவது வரிசையைக் கண்டால் போய் இடம் பிடிப்பான். என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே பிடிப்பான். ஒருமுறை அப்படி நின்று, குழாய்க்குப் போடும் ரப்பர் வளையம் வாங்கி வந்தான். எங்கள் வீட்டில் அப்போது குழாயே கிடையாது.

"நீங்க ரெண்டு பேரும் முத்திரை வாங்கிட்டு வாங்க. நான் போய் கேட்டுல வரிசை பிடிக்கிறேன்" என்றான்.

"டேய், சீட்டுல நம்பர் போட்டிருக்குடா. உன் இடத்தை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க."

"பெட்டி வைக்கிற இடம் போயிடும்க்கா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

எர்லிண்டா பிக்கோ இருந்த தகர டப்பாவை அவன் கையில் கொடுத்து, "சாய்க்காம பிடி" என்றாள். நான் மறுபடி வாய் திறப்பதற்குள் ஆள் சோதனை வாசலைத் தாண்டிவிட்டான். அந்த வாசலைத் தாண்டியவர்கள் திரும்பி வரமுடியாது.

மேஜையில் ஓர் இளைஞன் இருந்தான். சட்டையில் ஃபின்டன் என்று பெயர் குத்தியிருந்தது. எர்லிண்டாவின் கடவுச்சீட்டைப் புரட்டினான்.

"விசா எங்க?"

"விசா வேண்டாம். இந்த அட்டை இருக்கு. புருஷன்கூடப் போறேன்."

"புருஷன் எங்க?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிச் சோதனை வாசலைப் பார்த்தோம்.

"உள்ள போயிட்டார்" என்றாள்.

"அவர் பக்கத்துல இருந்தாத்தான் இந்த அட்டை செல்லும். தனியா வர்றவங்களை ஏத்தி, அங்க திருப்பி அனுப்பிட்டா எங்க கம்பெனிக்கு அபராதம். என் தலை உருளும். அவரை இங்க வரச் சொல்லுங்க."

நான் தம்பிக்குப் போன் போட்டேன். எர்லிண்டாவின் கைப்பைக்குள் மணி அடித்தது. அவன் சட்டைப்பை கிழிந்திருந்ததாம். அதனால் போனைப் பெண்டாட்டி பையில் போட்டுவைத்தானாம்!

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. "கூடப் போறதுன்னா என்ன, ரெண்டு பேரையும் கயிறு போட்டுக் கட்டியா கூட்டிட்டு வரணும்? ஒரே விமானம், ஒரே முன்பதிவு, பேரு ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. கண்ணு தெரியலையா? போய்ச் சேர்றதுக்குப் போனாலும் விசா வேண்டாம்னுதானே சட்டம்!" என்று கத்தினேன். சட்டத்தை அச்சடித்துக் கொண்டுவந்த தாளையும் மேஜையில் அறைந்தேன். அவன் அதைத் தொடக்கூட இல்லை. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "அடுத்த ஆள்" என்றான்.

எர்லிண்டா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, திட்டாதீங்க. அவர் பயந்திருக்கார். பயந்தவங்களைத் திட்டினா காது அடைச்சுக்கும்."

"நேரம் போகுதுடி!"

"நீங்க உள்ள போங்க. அத்தை தனியா இருப்பாங்க. நீங்களாவது போய்ச் சேருங்க."

"நான் எங்கயும் போறதா இல்லை" என்றேன். கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வீட்டில் கடைசி மேஜை, கடைசித் தட்டு. இந்த முட்டாள் பெட்டிக்கு இடம் பிடிக்கப் போயிருக்கிறான்.

அவள் திரும்பி மேஜைக்குப் போனாள். "தம்பி, நான் இப்படி ஓரமா நிக்கலாமா?"

"நின்னு என்னம்மா ஆகப்போகுது?"

"தெரியலை. நிக்கிறேன்."

நின்றாள். அடுத்தவர்களுக்கு வழிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மக்கென்னா கிழவரின் அறையில் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு நின்றாள். அவன் முத்திரை குத்தினான், சீட்டைக் கொடுத்தான், ஓரக்கண்ணால் இவளைப் பார்த்தான். ஒரு குடும்பம் போய், இன்னொரு குடும்பம் வருவதற்குள், "கேட்டுக்குப் போன் போட முடியுமா தம்பி?" என்றாள்.

"அதுக்கெல்லாம் போடக் கூடாது."

"சரி." கொஞ்சம் விட்டு, "உங்களுக்கு எந்த ஊரு?"

"காவன்."

"எங்க முதியோர் இல்லத்துல ஒரு காவன்காரர் இருக்கார். எதைக் கொடுத்தாலும் முதல்ல வேண்டாம்பார். அப்புறம் சாப்பிடுவார்."

அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். மேஜையில் இலேசாகக் கையை ஊன்றினாள்.

"ஒரே ஒரு கேள்வி கேளுங்க, போதும். கேட்டுல வரிசையில முதல்ல நிக்கிறது யாருன்னு கேளுங்க. அது என் புருஷன் கெஸ்தாஸ் இல்லைன்னா, நான் பெட்டியைத் தூக்கிட்டு மொனஹனுக்குப் போயிடறேன். உங்களைத் திரும்ப ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

உள்ளே எத்தனை கடை, எத்தனை பீர் கடை! அவனுக்கு ஒன்றுக்கு வந்திருந்தால்கூடப் போச்சு. ஐந்து வருடக் காத்திருப்பை முழுசாக என் தம்பியின் தலையில் பந்தயம் கட்டிவிட்டாளே இவள். நான் அவனைப் பிறந்ததிலிருந்து அறிவேன். நான் கட்டியிருக்கமாட்டேன்.

ஃபின்டன் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தான். கேட்டான். காத்திருந்தான்.

"முதல்ல ஒரு வயசான அம்மா நிக்கிறாங்களாம்" என்றான்.

எர்லிண்டா குனிந்து பெட்டியின் பிடியில் கைவைத்தாள். கொடுத்த வாக்கை அப்படியே நிறைவேற்றப் போகிறாள்! நான் பிடித்து நிறுத்தக் கை நீட்டினேன். ஆனால் அவன் இன்னும் போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மெல்ல மாறியது.

"இருங்க, இருங்க. முதல்ல ஒரு பெரிய ஆள்தான் நின்னுக்கிட்டிருந்தாராம். கேட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னாராம். விமானத்துல ஏறச் சொன்னா ஏறமாட்டேங்கிறாராம். ஓரமா நின்னு ஒவ்வொருத்தரையா முன்னாடி விட்டுக்கிட்டிருக்காராம். கேட்டா, 'என் பொண்டாட்டி வரணும், அவளுக்குத்தான் இடம் பிடிச்சு நிக்கிறேன்'ங்கிறாராம். கையில ஏதோ தகர டப்பா வேற. உக்காரவும் மாட்டேங்கிறாராம்."

"அது என் பிக்கோ" என்றாள் எர்லிண்டா. "சாய்க்காம பிடிக்கச் சொன்னேன்."

ஃபின்டன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினான். "ஓடுங்க!" என்றான். ஓடினோம். சோதனை வாசலில் காலணியைக் கழற்றியவள் அதை மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினாள். என் வயதுக்கு நானும் ஓடினேன்.

கேட்டில் எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். கம்பத்தடியில் என் தம்பி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தான்.

"எங்க போயிட்டீங்க? முதல் இடம் போச்சு!" என்றான்.

நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். எர்லிண்டா அவன் கன்னத்தில் முத்தம் வைத்தாள். இரண்டுக்கும் காரணம் அவனுக்குப் புரியவில்லை. வில்னியஸில் இறங்கியபோது எல்லைக் காவலர் அட்டையைப் பார்த்தார், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற கணவனைப் பார்த்தார், பண்டிகை வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். இதற்கா இந்தப் பாடு என்று எனக்கு மறுபடி கோபம் வந்தது.

ரோக்கிஷ்கிஸ் பக்கம் எங்கள் வீடு. போய்ச் சேர்ந்தபோது பொழுது இருட்டிக்கொண்டிருந்தது. அம்மா கைத்தடியோடு கதவருகே நின்றாள். மகனைப் பார்த்தாள், மருமகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"உள்ள வாங்க. குளிர் வருது" என்றாள்.

எர்லிண்டா டப்பாவை நீட்டினாள். எங்கள் மொழியில், ஒவ்வொரு சொல்லாக, "அத்தை, இதுல மாட்டுப் பால் இல்லை. தேங்காய்ப்பால்தான்" என்றாள்.

"கசகசாப் பாலுக்கு இடம் இருக்கிற மேஜையில தேங்காய்ப் பாலுக்கு இருக்காதா? கொண்டுபோய் வை" என்றாள் அம்மா.

அறைக்குள் போனோம். வெள்ளைத் துணி, அதன் அடியில் வைக்கோல், மெழுகுவத்தி, மீன், பீட்ரூட், கசகசாப் பால். மேஜையில் மூன்று தட்டு. அம்மாவுடையது ஒன்று. வருடாவருடம் வருகிற என்னுடையது ஒன்று. மூன்றாவதில் அப்பம் இருந்தது. மூன்றே மூன்று.

எர்லிண்டா எண்ணிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்த முகம் மாறாமல் டப்பாவை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். விமான நிலையத்தில் நின்ற மாதிரியேதான் நின்றாள். கெஸ்தாஸின் முகம் சிவந்துவிட்டது.

நான் அலமாரியை வேகமாகத் திறந்தேன்.

"அல்தோனா, என்ன தேடுற?" என்றாள் அம்மா.

"தட்டு."

"யாருக்கு?"

"எர்லிண்டாவுக்கும்மா! உன் மருமகளுக்கு! எத்தனை தூரத்துல இருந்து, என்ன பாடுபட்டு வந்திருக்கா தெரியுமா உனக்கு?"

"கத்தாதே. அவ தட்டு அங்கதானே இருக்கு" என்று அம்மா கைத்தடியால் மூன்றாவது தட்டைக் காட்டினாள்.

"அது கெஸ்தாஸுக்கு வெச்சதில்லையா?"

"அவனுக்கு எதுக்கு? இது அவன் வீடு. எப்ப வந்தாலும் அவனுக்கு இடம் உண்டு. சொந்தப் பிள்ளைக்கு யாராவது இடம் பிடிச்சு வைப்பாங்களா? வெளியில இருந்து வர்றவளுக்குத்தான் பிடிச்சு வைக்கணும், அவ வர்றவரைக்கும் விடாம பிடிச்சு வைக்கணும். நானும் ஒவ்வொரு வருஷமும் வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றேன். நான்கு வருடம் அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை, விமான நிலையத்திலும் பார்க்கவில்லை. இப்போது எர்லிண்டா முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதாள். அம்மா கைத்தடியைத் தட்டித் தட்டி நடந்து போய், அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லாப் பேசுற, இப்ப வாய் அடைச்சுப் போச்சா?" என்று அப்பத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அம்மா, அப்ப நான் எதுல சாப்பிடறது?" என்றான் கெஸ்தாஸ்.

"அலமாரி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் போய் ஒரு தட்டு எடுத்துவந்து, தன் மனைவி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.